தமிழ் உரைக்கு வாசிப்பு எளிமை மதிப்பெண்: எந்தச் சூத்திரம், எதை எண்ணுவது?
(பலர் பேசும் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

துண்டறிக்கை:
மருந்தோடு வைக்கும் விளக்கத்தாள்களைத் தமிழில் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொரு தாளுக்கும் வாசிப்பு எளிமை மதிப்பெண் ஒன்று கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஃபிளெஷ் கணிப்பானில் இந்த இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியாகப் போட்டேன்.

அ) இம்மருந்தை உட்கொண்டபின் ஒவ்வாமை அறிகுறிகள் தென்படும்பட்சத்தில் உடனடியாக மருத்துவரை அணுகவும்.

ஆ) இந்த மருந்தைச் சாப்பிட்ட பிறகு தோல் தடித்தாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முதலாவதற்கு 114, இரண்டாவதற்கு 111. எண் கூடினால் எளிது என்பது கணக்கு. அப்படியானால் அ-தான் எளிதாம். கருவி எங்கே தடுமாறுகிறது? தமிழுக்குப் பொருந்தும் சூத்திரம் எது?

எண்ணிப்பார்:
கருவிக்குத் தமிழ் எழுத்தே தெரியவில்லை. வந்த எண்ணை வைத்தே அதைக் காட்டிவிடலாம்.

1948-இல் ருடால்ஃப் ஃபிளெஷ் ஆங்கிலத்துக்குப் போட்ட சூத்திரம் இது: 206.835 − 1.015 × (ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல்) − 84.6 × (ஒரு சொல்லுக்கு எத்தனை அசை). அசை என்று இங்கே சொல்வது யாப்பின் அசையை அல்ல, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. அசையை எண்ணுவதற்குப் பல கணிப்பான்கள் ஆங்கில உயிரெழுத்துகளைத் தேடும். ஒன்றும் அகப்படாவிட்டால் சொல்லுக்கு ஓர் அசை என்று வைத்துக்கொள்ளும். அ-வில் 8 சொல். 206.835 − 8.12 − 84.6 = 114.1. ஆ-வில் 11 சொல். 206.835 − 11.165 − 84.6 = 111.1. உங்களுக்கு வந்த எண்கள் இவையேதான். ஆகவே அந்தக் கருவி வாக்கியத்தில் எத்தனை இடைவெளி இருக்கிறது என்பதை மட்டுமே அளந்திருக்கிறது.

அசைகளைச் சரியாக எண்ணினால் அ-வில் 37, ஆ-வில் 34. மதிப்பெண் அ-வுக்கு −192.6, ஆ-வுக்கு −65.8. வரிசை சரியாகிவிட்டது. ஆனால் 0 முதல் 100 வரை என்று வகுத்த அளவுகோலில் −192 என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் சராசரி நீளம் ஒன்றரை அசையை ஒட்டி இருக்கும். 84.6 அந்த நீளத்துக்கு ஏற்ற எண். வேற்றுமை உருபு, காலம், இடம், பன்மை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஒட்டும் மொழியில் சராசரி மூன்றைத் தாண்டும்.

வரைகோல்:
ஃபாக் சூத்திரத்தையும் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். ராபர்ட் கன்னிங், 1952: 0.4 × (வாக்கியத்துக்குச் சொல் + மூன்று அல்லது அதற்கு மேல் அசையுள்ள சொற்களின் சதவீதம்). வருவது, அதைப் புரிந்துகொள்ளத் தேவையான பள்ளிப்படிப்பு ஆண்டுகள். அ-வில் எட்டுச் சொல்லும் மூன்றசை அல்லது அதற்கு மேல். 0.4 × (8 + 100) = 43.2. மருந்துத் தாளைப் படிக்க 43 ஆண்டு படித்திருக்க வேண்டும்! எளிய வாக்கியத்துக்கே 33.5 வருகிறது, "பிறகு", "உடனே" கூட அதன் கணக்கில் கடினச் சொற்கள்.

சுகாதாரத் தாள்களுக்குப் பலர் பயன்படுத்தும் ஸ்மாக் சூத்திரத்துக்கும் (ஹாரி மெக்லாக்லின், 1969) இதே கதிதான், அதுவும் மூன்றசைச் சொற்களைத்தான் எண்ணுகிறது. அசையை விட்டுவிட்டு எழுத்தை எண்ணும் சூத்திரத்துக்குப் போங்கள். ஸ்வீடனில் கார்ல்-ஹியூகோ பியோர்ன்சன் 1968-இல் கொண்டுவந்த லிக்ஸ்: வாக்கியத்துக்குச் சொல் + ஆறு எழுத்துக்கு மேல் உள்ள சொற்களின் சதவீதம். அ: 8 + 25 = 33. ஆ: 11 + 9 = 20. வரிசையும் சரி, எண்ணும் கண்ணுக்குப் பழகிய அளவில் இருக்கிறது.

ஒற்றுப்பிழை:
வரைகோல், அந்த 33-ஐ 10 ஆக்கிக் காட்டட்டுமா? "உட்கொண்டபின்" என்பதை "உட்கொண்ட பின்" என்றும், "தென்படும்பட்சத்தில்" என்பதை "தென்படும் பட்சத்தில்" என்றும் எழுதுங்கள். இப்போது 10 சொல், ஆறு எழுத்தைத் தாண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. லிக்ஸ் 10 + 0 = 10.

ஆ-வில் இருக்கும் ஒரே "நீளமான" சொல் "மருத்துவரைப்". அதில் ஏழாவது எழுத்து வல்லின ஒற்று. ஒற்றை விட்டு எழுதுபவரின் கையில் அது ஆறெழுத்து, லிக்ஸ் 11. ஆக, இரண்டு இடைவெளியும் ஓர் ஒற்றும் போதும், அ மறுபடி எளிதாகிவிடும். படிப்பவருக்கு இம்மியும் மாறவில்லை.

துணைவினை, இடைச்சொல், பின்னொட்டு ஆகியவற்றைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பது ஆளுக்கு ஆள், பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். "பார்த்துக்கொண்டிருந்தான்" ஒரு சொல்லா மூன்று சொல்லா? இதற்கு விடை வைக்காமல் சொல்லை அலகாகக் கொள்ளும் எந்தச் சூத்திரமும் எழுத்தாளரின் இடைவெளிப் பழக்கத்தைத்தான் அளக்கும்.

குறியேற்றம்:
அதற்கும் முன்னால் "எழுத்து" என்பதைக் கணினி எப்படி எண்ணுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் "றி" ஓர் எழுத்து, இரண்டு குறியீடு: ற, அதன்மேல் இகரக் குறி. "க்" என்பதும் இரண்டு. சாதாரண நீளக் கட்டளை குறியீடுகளைத்தான் எண்ணும். "அறிகுறிகள்" நமக்கு 6 எழுத்து, அதற்கு 10. அப்படி எண்ணினால் அ-வின் எட்டுச் சொல்லும் "நீளமான சொல்" ஆகி, லிக்ஸ் 33-க்குப் பதில் 108 காட்டும்.

"கொ" இன்னும் மோசம். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு எழுத்துக்கொத்து (அடிக்குறியீடும் அதன்மேல் வரும் குறியும் சேர்ந்து ஒன்று) அளவில் எண்ண வேண்டும்.

அசைக்கு இதைவிட எளிய வழி உண்டு:

அசை = (உயிரெழுத்துக் குறியீடுகள் + மெய்யெழுத்து அடிக்குறியீடுகள்) − புள்ளிகள்

உயிர்க்குறிகளைத் தொடவே வேண்டாம். அதனால் "கொ" எந்த வடிவில் வந்தாலும் விடை ஒன்றே. ஆய்தத்தையும் சேர்க்க வேண்டாம். "ஸ்ரீ" இரண்டு அடிக்குறியீடு, ஒரு புள்ளி. ஓர் அசை, சரி. "க்ஷ"-வும் அப்படியே. தவறு வரும் இடம் ஔகாரம். "ஔ" என்று தட்டாமல் "ஒ", "ள" என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கணக்கில் ஓர் அசை கூடும். விளக்கத்தாளில் ஔடதம் எத்தனை முறை வரப்போகிறது, விட்டுவிடலாம்.

யாப்பு மென்பொருள் கையில் இருக்கிறதே என்று அதன் அசைப் பிரிப்பை எடுத்துப் போடாதீர்கள். நிரையசையில் இரண்டு உயிரொலி சேர்ந்து ஓர் அசை. எண்ணிக்கை குறைந்து, குறில் நிறைந்த உரைகள் போலியாக எளிதாகத் தெரியும்.

துண்டறிக்கை:
எழுத்து எண்ணிக்கை புரிந்தது. ஆனால் ஒற்றுப்பிழை சொல்லும் இடைவெளிச் சிக்கலுக்கு என்ன செய்வது? எங்களிடம் வருபவை பல கைகள் எழுதியவை.

எண்ணிப்பார்:
சொல்லை அலகாக வைக்காதீர்கள். வாக்கிய நீளத்தைச் சொல்லால் அளக்காமல் அசையால் அளங்கள். அ 37, ஆ 34. இடைவெளியை எங்கே போட்டாலும் இந்த எண்கள் நகராது. வல்லின ஒற்று மிகுந்தாலும் மிகாவிட்டாலும் நகராது, ஒற்றுக்கு எப்போதும் புள்ளி உண்டு, கழிந்துவிடும். குற்றியலுகரம் கெட்டுப் புணரும் இடத்தில் மட்டும் ஓர் அசை வேறுபடும்: "கொண்டிருந்தான்" 4, "கொண்டு இருந்தான்" 5. பத்திக் கணக்கில் அது பெரிதல்ல.

சொல் நீளமும் வேண்டும் என்றால், அளப்பதற்கு முன் எல்லாத் தாள்களிலும் ஒரே பிரிப்பு விதியைச் செலுத்துங்கள். துணைவினைகள் (கொள், இரு, விடு, வேண்டும், கூடும்), பின், போது, பட்சத்தில், ஆக, தான், உடன் போன்ற முப்பது நாற்பது ஒட்டுகளுக்கு ஒரு பட்டியல் போதும். பிரிப்பதா சேர்ப்பதா என்பது முக்கியமல்ல. எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இறக்குமதிச் சூத்திரத்தின் எண்களை அப்படியே வைக்கக்கூடாது என்பதில் பிற மொழிக்காரர்களும் தெளிவாக இருந்தார்கள். ஸ்பானியத்துக்கு 1959-இல் ஃபிளெஷைத் தழுவியபோது 84.6 என்பது 60 ஆனது. இத்தாலியர்கள் 1988-இல் தங்கள் வாசகர்களை வைத்தே குல்பீஸ் என்று தனியாக ஒன்று செய்தார்கள்: 89 + (300 × வாக்கியங்கள் − 10 × எழுத்துகள்) ÷ சொற்கள். அவர்கள் அசையை விட்டு எழுத்துக்கு மாறினார்கள். நாம் அந்த 89-ஐயும் 300-ஐயும் எடுத்துக்கொண்டால் இத்தாலிய வாசகரை அளந்த அளவுகோலால் தமிழ் வாசகரை அளக்கிறோம்.

ஆகவே இப்போதைக்குத் தமிழ்த் தாளில் "ஏழாம் வகுப்பு நிலை" என்று முத்திரை குத்தாதீர்கள். ஒரே வகையான உரைகளுக்குள் எது கடினம், எது எளிது என்று வரிசைப்படுத்த மட்டும் எண்களைப் பயன்படுத்துங்கள்.

பதம்பிரி:
நீளத்தைப் பற்றியே பேசுகிறோம். "ஒவ்வாமை" மூன்றே அசை, "உட்கொண்ட" மூன்றே அசை. கடினம் அங்கேதான் இருக்கிறது, எந்த நீளச் சூத்திரத்திலும் அகப்படாது. "திணறினாலோ" ஐந்து அசை, எல்லோருக்கும் புரியும்.

இதற்கு டேல்-சால் வழிதான் சரி. எட்கர் டேல், ஜீன் சால், 1948. பழகிய சொற்கள் ஏறத்தாழ 3000 கொண்ட பட்டியல். அதில் இல்லாத சொற்களின் சதவீதத்தை 0.1579-ஆல் பெருக்கு, வாக்கிய நீளத்தை 0.0496-ஆல் பெருக்கு, கூட்டு; கடினச் சொல் 5 சதவீதத்தைத் தாண்டினால் 3.6365 சேர். எண்களை விடுங்கள், யோசனையை எடுங்கள்.

தமிழில் இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது, பட்டியல் வேர்ச்சொல்லாக இருக்க வேண்டும், உரையையும் வேர்ச்சொல்லாக்கிய பின் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் "மருந்து" இருந்தும் "மருந்துகளையும்" கடினச் சொல் ஆகும். தானியங்கி வேர்பிரிப்பான் உகரத்தை மீட்டுத் தராமல் "மருந்த்" என்று நிறுத்தும். "தந்தை"யில் ஐகாரத்தை உருபு என்று நினைத்து வெட்டும். வெட்டிய விடை அகராதியில் இல்லையென்றால் வெட்டாதே என்று ஒரு காவல் வையுங்கள்.

இரண்டாவது, பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பது. இணையத்தில் திரட்டிய பெருந்தொகுப்புகளில் செய்தி நடைதான் மிகுதி. அதில் "தெரிவித்தார்", "நடவடிக்கை", "வலியுறுத்தி" எல்லாம் உச்சத்தில் நிற்கும். "இருமல்", "சொறி", "விழுங்கு" கீழே போய்விடும். அந்தப் பட்டியலை வைத்து மருந்துத் தாளை அளந்தால் அரசியல் செய்தி எளிதாகவும் இருமல் கடினமாகவும் தெரியும். தொடக்கப்பள்ளிப் பாடநூல்கள், சிறுவர் கதைகள், உரையாடல் எழுத்துகள் இவற்றிலிருந்து எடுங்கள். பேச்சில் இல்லாமல் எழுத்தில் மட்டும் வாழும் வினைகளை (உட்கொள், அணுகு, தென்படு, மேற்கொள், அளி) தனிப் பட்டியலாக வைத்து, வந்தாலே கொடி காட்டச் செய்யுங்கள். என் கணிப்பில் இந்த ஒரு பட்டியலே மற்ற எல்லாச் சூத்திரங்களையும்விட அதிகம் பிடிக்கும்.

முற்றுவினை:
பதம்பிரி சொன்னதோடு இன்னொன்று. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பாருங்கள். தமிழில் முற்று கடைசியில்தான் வரும், அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டு போக வேண்டும்.

"வழக்கமாக எடுக்கும் வேளையில் மருந்தை எடுக்க மறந்துவிட்டு அடுத்த வேளை நெருங்கும்போது நினைவுக்கு வந்த நோயாளிகள் விடுபட்ட அளவைச் சேர்த்து எடுக்காமல் வழக்கமான அளவை மட்டும் எடுக்க வேண்டும்."

ஒவ்வொரு சொல்லும் எளிது. சொற்பட்டியல் சோதனையில் தேறிவிடும். ஆனால் கடைசியில் வரும் "எடுக்க வேண்டும்" தவிர எட்டு எச்சங்கள்: எடுக்கும், எடுக்க, மறந்துவிட்டு, நெருங்கும், வந்த, விடுபட்ட, சேர்த்து, எடுக்காமல். "சேர்த்து எடுக்காமல்" என்ற இடத்தில் அவசரமாகப் படிப்பவர் "சேர்த்து எடு" என்று புரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. மருந்தில் அது ஆபத்து.

"ஒரு வேளை மருந்தை எடுக்க மறந்துவிட்டீர்களா? அடுத்த வேளை நெருங்கிவிட்டால், மறந்ததை விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு உரிய அளவை மட்டும் எடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள்."

வாக்கியத்துக்கு மூன்று எச்சத்துக்கு மேல் போனால் கொடி காட்டுங்கள். இது எந்த ஆய்வும் தந்த எல்லை அல்ல, நடைமுறை எல்லை. பெயரெச்சத்துக்கு நிரல் எழுதும்போது ஒரு பொறி: "எடுக்கும்" என்பது எச்சமாகவும் இருக்கும், முற்றாகவும் இருக்கும். வாக்கியத்தின் இறுதியில் வந்தால் முற்று என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

நறுக்கு:
ஆனால் வெட்டுவதிலேயே இறங்கிவிடாதீர்கள். வாக்கியத்தைச் சின்னதாக்கினால் எண் நன்றாக வரும் என்று தெரிந்ததும் எல்லோரும் "ஆகவே", "ஆனால்", "ஏனென்றால்" எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுகிறார்கள். காரணமும் விளைவும் தனித்தனி வாக்கியமாகி, தொடர்பு வாசகர் தலையில் விழுகிறது. ஒரு பத்தியின் வாக்கியங்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினாலும் எல்லாச் சூத்திரமும் அதே எண்ணைத்தான் தரும் என்பதை மறக்க வேண்டாம்.

குறியேற்றம்:
வாக்கியப் பிரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, கணக்கு அதிகம் கெடுவது அங்கேதான். "கி.பி.", "மி.கி.", "திரு.", "2.5" இவற்றில் வரும் புள்ளியை வாக்கிய முடிவு என்று எடுத்தால் "2.5 மி.கி. மாத்திரை" நாலு வாக்கியமாகி உரை அபாரமாக எளிதாகிவிடும். நேர் எதிரானது தலைப்புகளும் பட்டியல் வரிகளும். அவற்றின் இறுதியில் புள்ளி இருக்காது. தலைப்பு, பத்து பக்கவிளைவுகள், அடுத்த பத்தி எல்லாம் ஒட்டி 150 அசையில் ஒரே வாக்கியமாக நிற்கும். பட்டியல்களையும் தலைப்புகளையும் அளப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். பட்டியலாகப் போட்டதே வாசகருக்கு உதவி, அதற்குத் தண்டனை கொடுக்கக் கூடாது.

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த உரையை நம்பாதீர்கள். பழைய எழுத்துருவில் அச்சிட்டதானால் கொம்பு இடம் மாறியிருக்கும், சொல்லுக்கு நடுவே இடைவெளி புகுந்திருக்கும், வரி உடைந்த இடத்தில் சொல் இரண்டாகியிருக்கும். மூலக் கோப்பைக் கேளுங்கள்.

வாசகர்கட்சி:
மதிப்பெண்ணே எதற்கு? பத்துப் பேரிடம் கொடுத்து, "எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள்.

எண்ணிப்பார்:
இருநூறு தாள் வந்தால் இருநூறுக்கும் அப்படிச் செய்ய முடியாது. எந்த முப்பதை முதலில் ஆளிடம் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க எண் உதவும். அதற்குமேல் அதன் வேலை இல்லை என்பதில் நீங்கள் சொல்வது சரி.

துண்டறிக்கை:
ஆளை வைத்துச் சோதிக்கும்போதும் ஓர் எண் வேண்டும். கேள்வி கேட்டால் கேள்வியே கடினமாக அமைந்துவிடுகிறது. கோடிட்ட இடம் நிரப்பும் முறை தமிழில் செல்லுமா?

பதம்பிரி:
செல்லும், ஆனால் மாற்றங்களோடு. வில்சன் டெய்லர் 1953-இல் தந்த குளோஸ் முறையில் முதல் வாக்கியத்தை முழுதாக விட்டு, பிறகு ஒவ்வொரு ஐந்தாம் சொல்லையும் எடுத்துவிட்டு ஒரே நீளக் கோடு போட வேண்டும். 50 கோடு வருமாறு 250 சொல்லுக்குக் குறையாத பகுதி. எழுத்துப்பிழையை மன்னிக்கலாம், ஆனால் அதே சொல் வந்தால்தான் மதிப்பெண், பொருள் ஒத்த சொல்லுக்கு இல்லை. ஆங்கிலத்தில் 57 சதவீதம் சரியானால் தானே படித்துப் புரிந்துகொள்வார், 44-க்கு மேல் இருந்தால் உதவியோடு புரிந்துகொள்வார் என்று ஜான் போர்முத்தின் ஆய்வுகள் வழியாக எல்லை வந்தது.

தமிழில் ஐந்தில் ஒன்றை எடுத்தால் அதிகம். ஒரு சொல்லோடு வினை, காலம், எழுவாய் மூன்றும் போய்விடும். ஏழில் ஒன்று எடுங்கள். 50 கோட்டுக்கு 350 சொல் தேவைப்படும். சரி பார்ப்பதிலும் அதே சொல், அதே விகுதி என்று நின்றால் "பாருங்கள்" என்ற இடத்தில் "பார்க்கவும்" எழுதியவர் தோற்பார், அவருக்குப் பொருள் முழுக்கப் புரிந்திருக்கிறது. வேர் சரியானால் சரி என்று வையுங்கள். இரண்டு மாற்றத்தையும் செய்த பிறகு 44, 57 என்ற எல்லைகள் செல்லாது. தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வையுங்கள்.

ஒற்றுப்பிழை:
கோட்டுக்கு முந்தைய சொல்லின் ஒற்றைக் கவனியுங்கள். "மருத்துவரைப் ______" என்று அச்சிட்டால் விடை பகரத்தில் தொடங்கும் என்று காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். "மருந்தைச் ______" என்றாலும் அதே. ஒற்று மிகும் இடங்களில் கோடு வந்தால் ஒற்றை எடுத்துவிட்டு அச்சிடுங்கள், எல்லாத் தாளிலும்.

துண்டறிக்கை:
எண், மருந்தின் பெயர் வரும் இடத்தில் கோடு விழுந்தால்?

பதம்பிரி:
ஊகிக்கவே முடியாதவை அவை. அந்தக் கோட்டை அடுத்த சொல்லுக்குத் தள்ளி, எண்ணிக்கையை அங்கிருந்து தொடருங்கள். ஒரே தாளுக்கு வெவ்வேறு சொல்லில் தொடங்கும் இரண்டு மூன்று வடிவம் தயாரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால், முக்கியமான சொற்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் மறைந்துபோகும் தற்செயல் குறையும். ஒருவருக்கு ஒரே தாளின் இரண்டு வடிவத்தைக் கொடுக்காதீர்கள், முதல் வடிவத்தில் விடை அச்சாகியே இருக்கும்.